மாமியார் கப்பலேறிய வருஷம்

ஜனவரி 14

அன்புள்ள எறும்புக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் பேசினோம் என்றுதான் பெயர். நீ ஹலோ சொன்னதும் உன் அண்ணி பிடுங்கிக்கொண்டாள், அவளிடமிருந்து என் பெண் பிடுங்கிக்கொண்டாள். கடைசியில் என் கைக்கு வந்தபோது அந்தப் பக்கம் உன் வீட்டுக்காரர் இருந்தார். அங்கே வெயில் எப்படி, இங்கே குளிர் எப்படி என்று இருவரும் விசாரித்துக்கொண்டு வைத்துவிட்டோம். அதனால் வழக்கம்போல் கடிதம். நாம் இரண்டு பேர் மட்டும் பேச வேறு வழி இல்லை.

உனக்கு நாற்பத்தாறு வயசு. பெரிய ஆலையில் இயந்திரப் பிரிவுக்கே பொறுப்பு. நான் இன்னும் எறும்பு என்று எழுதுகிறேன். அப்பாவின் பட்டறையிலிருந்து தினம் ஒரு நட்டைச் சட்டைப் பையில் போட்டு வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தவளை வேறு எப்படிக் கூப்பிடுவது?

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆலையை விற்கப் போகிறார்கள். ஆர்டர் இல்லை. நாங்கள் ஒரு பல்சக்கரம் வெட்டுகிற நேரத்தில் உங்கள் பக்கம் மூன்று வெட்டி, கப்பலேற்றி, இங்கே கொண்டு வந்து இறக்கியும் விடுகிறார்கள். அதுவும் பாதி விலைக்கு. வாங்க வருகிறவர்களும் உங்கள் பக்கத்து ஆட்கள்தான் என்று கேன்டீனில் பேச்சு. என்னோடு இருபது வருஷமாக ஃபிட்டராக இருக்கிற மீசைக்காரர் மெதுவாக வந்து, "உங்க ஆளுங்க வந்தா நம்ம ஷெட்டை நல்லா பாத்துக்குவாங்களா?" என்று கேட்டார். நானும் பெரிய மனுஷன் மாதிரி, "அதெல்லாம் பாத்துக்குவாங்க" என்றேன்.

உங்கள் ஆட்களுக்கு இது மாதிரி மெஷின் எங்கே கிடைக்கும்? ஷெட் நடுவில் நிற்கிற எங்கள் மாமியாரைப் பற்றி உனக்கு எத்தனை தடவை எழுதியிருப்பேன். கப்பலுக்கும் சிமென்ட் ஆலைக்கும் இரண்டாள் உயரத்துக்குப் பல்சக்கரம் வெட்டித் தருகிறவள். எண்ணெய் கொஞ்சம் சூடானால் முனகுவாள், தரை கொஞ்சம் குளிர்ந்தால் அடம் பிடிப்பாள். அதனால்தான் வந்த புதிதில் அந்தப் பெயரை வைத்தேன். அர்த்தம் தெரியாமலே இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். கிரேன் ஓட்டுகிற அம்மாள் 'மாமியார்' என்று சொல்லும்போது நீ கேட்க வேண்டும். நல்லவேளை, அதில் ழகரம் இல்லை.

முப்பத்தொரு வருஷ மெஷின். பெயின்ட் கூட உதிரவில்லை. எல்லாவற்றுக்கும் குறை சொல்வாள், ஆனால் ஒரு நாள் லீவு போட்டதில்லை. உங்கள் புது மெஷின் பத்தைக் கொண்டு வந்து நிறுத்தினாலும் இவள் ஒருத்திக்கு ஈடாகாது. வாங்குகிறவர் யார் என்று உன் காதில் ஏதாவது விழுந்தால் எழுது.

அண்ணன்

*

பிப்ரவரி 5

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். வாங்குகிறவர் யார் என்று கேட்டிருந்தாய். நாங்கள்தான். சொல்லக் கூடாது, சொல்லிவிட்டேன்.

எங்கள் முதலாளியை இங்கே பெரியவர் என்போம். வயசு என்னவோ என்னை விட நாலு குறைவு. புது ஷெட் போட்டுப் பதினாறு மெஷின் நிறுத்திவிட்டார். தரையில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். ஆனால் பெரிய சக்கரம் வெட்டுகிற மெஷினுக்கு ஆர்டர் கொடுத்தால் மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். பெரியவர் மூன்று நாள் காத்திருக்கிற ஆள் இல்லை. "செய்யறவங்க கிட்ட போய் வரிசையில நிக்கறதுக்குப் பதிலா, வச்சிருக்கறவங்களை வாங்கிடலாம்" என்றார். உலகத்தில் விற்பனைக்கு வந்திருக்கிற ஆலைகளின் பட்டியல் ஒன்று மேசைக்கு வந்தது. மூன்றாவது பெயர் உன் ஆலை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மார்ச்சில் நான்கு பேர் பார்வையிட வருகிறோம். நானும் ஒருத்தி. பார்த்துவிட்டு வந்து அறிக்கை எழுதப் போவதும் நான்தான். அந்த ஆலையை அப்படியே அங்கேயே ஓட்டலாம் என்பது என் எண்ணம்.

முதல் லீவில் நீ வந்து பெட்டியைத் திறந்தது ஞாபகம் இருக்கிறதா? தெருவே வாசலில் நின்றது. ஒரு டார்ச், ஒரு கத்தரிக்கோல், பேனா ஒரு டஜன். டார்ச்சை ஆளாளுக்கு வாங்கி வாங்கி வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள். அந்தக் கத்தரிக்கோல் இன்றைக்கும் வெட்டுகிறது. இந்தத் தடவை நான் உனக்குப் பெட்டி கட்டிக்கொண்டு வருகிறேன். என்ன வேண்டும் என்று எழுது. கேட்கவே சிரிப்பாக இருக்கிறது.

எறும்பு

*

ஏப்ரல் 21

எறும்புக்கு,

நேற்று எங்கள் எல்லாரையும் கேன்டீனில் உட்கார வைத்தார்கள். ஆலையை விற்றாயிற்று. ஜூன் கடைசியோடு மூடுகிறார்கள். மெஷின்கள் எல்லாம் கப்பலேறி உன் ஷெட்டுக்கு வருகின்றன. நூற்று நாற்பது பேருக்கு வேலை இல்லை.

அதைக் கூட ஒரு மாதிரி கேட்டுக்கொண்டேன். அதன் பிறகு மேனேஜர், எங்களை ஆறுதல்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, வாங்கியவர்களின் அறிக்கையிலிருந்து ஒரு பத்தியைப் படித்தார். "இந்த மெஷின் எல்லாவற்றுக்கும் குறை சொல்லும், ஆனால் ஒரு நாள் லீவு போட்டதில்லை. பெயின்ட் கூட உதிரவில்லை." அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. அந்த வார்த்தையை அந்த ஷெட்டில் இருபது வருஷமாகச் சொல்லித் திரிகிறவன் நான் ஒருவன்தான். கிரேன்காரம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். மீசைக்காரர் பார்க்கவே இல்லை, தம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

மார்ச்சில் நீ என் வீட்டில் சாப்பிட்டாய். உன் அண்ணியிடம் இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். ஷெட்டில் மாமியாரின் மேல் கை வைத்துப் பார்த்தாய். நான் பக்கத்தில் நின்று அசடு வழிய எல்லாரிடமும் "என் தங்கச்சி, என் தங்கச்சி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொன்னாயா?

தங்கைக்கு எழுதிய கடிதத்தை விற்பனைச் சீட்டாக்க உனக்கு எப்படி மனசு வந்தது? என் வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்க வேண்டும். மெஷின் பாதி செத்துவிட்டது, ஓட்டை உடைசல் என்று எழுதியிருந்தால் இன்றைக்கு அவள் இங்கேயே நின்றிருப்பாள்.

போன் செய்யாதே. உன் குரலைக் கேட்டால் கோபம் போய்விடும். எனக்கு அது போக வேண்டாம்.

அண்ணன்

*

மே 9

அன்புள்ள அண்ணா,

நான் எழுதிய அறிக்கையில் இருபத்திரண்டு பக்கம். ஆலையை அங்கேயே ஓட்ட வேண்டும் என்பதற்குப் பத்தொன்பது பக்கம். அதற்குச் சாட்சியாகத்தான் உன் வரிகளைப் போட்டேன். இப்படிப் பார்த்துக்கொள்கிற ஆட்களை விடக் கூடாது என்று சொல்வதற்காக. பெரியவர் அந்த வரிகளை மட்டும் படித்தார். "இவ்வளவு நல்ல மெஷின்னா அங்க எதுக்கு நிக்கணும்? தூக்கிட்டு வாங்க" என்றார். உன்னிடம் கேட்காமல் போட்டது தப்பு. ஆயிரம் தடவை தப்பு. மார்ச்சில் சொல்லாததற்குக் காரணம், அன்றைக்கு எனக்கே தெரியாது.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. அப்பாவின் பட்டறை எப்படி மூடியது? ஆலைகளுக்குச் சின்னப் பல்சக்கரம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தவர், ஒரே வருஷத்தில் ஆர்டர் இல்லாமல் உட்கார்ந்தார். கப்பலில் வந்து இறங்கிய சக்கரங்கள் அவர் சக்கரங்களை விட வழவழப்பாக இருந்தன, விலையும் குறைவு. பெட்டி மேல் இருந்தது உன் ஆலையின் முத்திரை. நீ அங்கே சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அப்பாவுக்கு வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதினாய். நல்ல கடிதம்தான், அப்பா அதை மடித்து வைத்திருந்தார். எங்கள் பட்டறையிலும் ஒன்பது பேர் இருந்தார்கள் அண்ணா. அவர்களை யாரும் கேன்டீனில் உட்கார வைத்துச் சொல்லக் கூட இல்லை. கேன்டீனே கிடையாது.

பழி தீர்ப்பதற்காக இதை எழுதவில்லை. எழுதி முடித்த பிறகு அப்படித்தான் தெரிகிறது. இருக்கட்டும், கிழிக்கப் போவதில்லை.

மாமியாரைக் கழற்றுகிற வேலையை நீயும் உன் ஆட்களும்தான் செய்ய வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கியிருக்கிறேன். வெளி ஆட்கள் கை வைத்தால் நாசம்தான். இங்கே நிறுத்துவதற்கும் நீ வந்துவிடு. உன் ரூம் தயார்.

எறும்பு

*

ஜூலை 3

எறும்புக்கு,

கழற்றியாயிற்று. பதினெட்டு நாள். அறுபத்தொரு பெட்டி. ஒவ்வொரு பாகத்திலும் சாக்பீஸால் எண் போட்டு, அதே எண்ணைப் பெட்டியிலும் எழுதியிருக்கிறோம். போல்ட்டுகளை எண்ணெய்த் துணியில் சுற்றித் தனித்தனியாகக் கட்டியிருக்கிறோம். கடைசிப் பெட்டியை கிரேன்காரம்மா லாரியில் இறக்கினாள். இறக்கியதும் மேலிருந்து இறங்கி வந்து, கையுறையைக் கழற்றி கிரேனின் கொக்கியில் மாட்டிவிட்டுப் போய்விட்டாள். அது இன்னும் அங்கேதான் தொங்குகிறது.

எதுவும் குறையவில்லை. எண்ணிப் பார்த்துக்கொள்.

நான் வரவில்லை. கழற்றியது சம்பளத்துக்கு. நிறுத்திக் கொடுப்பது வேறு விஷயம், அதற்கு மனசு வேண்டும்.

அப்பாவின் பட்டறையைப் பற்றி எழுதியிருந்தாய். இருபத்து நான்கு வருஷமாக அந்த முத்திரை பதித்த சீருடையைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். உண்மைதான்.

அண்ணன்

*

செப்டம்பர் 24

அன்புள்ள அண்ணா,

உனக்குக் கோபம் தீரவில்லை என்று தெரியும். ஆனாலும் கேட்க வேறு ஆள் இல்லை.

மாமியாரை நிறுத்திவிட்டோம். கீழே புது அடித்தளம், மூன்று ஆள் ஆழத்துக்குக் கான்கிரீட். மெஷினின் வரைபடத்தில் உள்ளபடி எட்டுக் காலுக்கும் கீழே ஒரே கனத்தில் புதுத் தகடுகள். ரசமட்டம் வைத்துப் பார்த்தோம், குமிழி இம்மி அசையவில்லை. நீ போட்ட எண் ஒன்று கூடத் தப்பவில்லை. உன் கையெழுத்தைப் பெட்டி பெட்டியாகப் பார்த்து எனக்கு அழுகை வந்தது, சொன்னால் நம்ப மாட்டாய்.

ஆனால் வெட்டுகிற சக்கரம் எல்லாம் கோணல். கண்ணுக்குத் தெரியாது. பல் ஒரு முடியளவு சாய்கிறது, அவ்வளவுதான். ஓட விட்டால் ஊளையிடுகிறது. முதல் சக்கரத்தை ஒதுக்கினோம். இரண்டாவதும் ஒதுக்கினோம். எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மாட்டினோம். மூன்றாவது இன்னும் மோசம். பக்கத்து ஷெட் பையன்கள், "என்ன மேடம், மாமியார் ஒப்பாரி வைக்கறாங்க" என்று கேலி பண்ணுகிறார்கள்.

அண்ணா, அவளுக்கு என்ன கோபம்? உனக்குத் தெரிந்திருக்கும். நவம்பர் கடைசிக்குள் அவள் ஓடியாக வேண்டும். ஏன் என்று இப்போது கேட்காதே. என் வேலைக்காக மட்டும் என்று நினைக்காதே.

எறும்பு

*

அக்டோபர் 15

எறும்புக்கு,

படத்தில் உள்ளபடி வைத்தால் ஓட வேண்டும். இங்கே ஓடினாள். உங்களிடம்தான் பதினாறு புது மெஷினும் படித்த பிள்ளைகளும் இருக்கிறார்களே.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. ஊருக்கு வெளியே பெரிய கிடங்கு. கன்டெய்னரிலிருந்து பெட்டிகளை இறக்கி அடுக்க வேண்டும். மின்விசிறி, பம்பு, தையல் மெஷின். எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் உன் நாட்டு முத்திரை. நேற்று ஒரு பெட்டியில் டார்ச் லைட், ஆயிரத்து இருநூறு. ஒன்றை எடுத்து அடித்துப் பார்த்தேன். நல்ல வெளிச்சம்.

மீசைக்காரர் முதியோர் இல்லத்தில் காவலுக்கு இருக்கிறார். கிரேன்காரம்மாவுக்கு இன்னும் ஒன்றும் அமையவில்லை. நீ விசாரிக்கவில்லை, நானாகத்தான் எழுதுகிறேன்.

அண்ணன்

*

நவம்பர் 9

அண்ணா,

இன்னும் மூன்று வாரம். நேற்று ஐந்தாவது சக்கரத்தையும் ஒதுக்கிவிட்டார்கள். போனில் நான்கு தடவை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. அண்ணியிடம் சொல்லச் சொன்னேன். உன் காலில் விழுந்து கேட்கிறேன் என்று வைத்துக்கொள். ஏதாவது தெரிந்தால் ஒரே ஒரு வரி எழுது.

எறும்பு

*

டிசம்பர் 2

அன்புள்ள எறும்புக்கு,

இதோடு ஒரு பார்சல் வருகிறது. சின்னதுதான், ஆனால் கனக்கும். விமானத்தில் அனுப்பியிருக்கிறேன். அதில் நான்கு இரும்புத் தகடுகள் இருக்கின்றன. முதலில் அவற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீ என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு.

மாமியார் ஒருநாளும் மட்டமாக நின்றவள் இல்லை. அவளை நிறுத்திய நாலாவது வருஷம் மேற்குப் பக்கத் தரை இறங்கிவிட்டது. அந்தப் பக்கத்து நான்கு கால்களுக்கும் அப்போதிருந்த ஃபோர்மேன் வெவ்வேறு கனத்தில் தகடு இழைத்துச் சொருகினார், அப்படியும் முழு மட்டம் வரவில்லை. பத்து வருஷம் கழித்துத் தரையை உடைத்துப் புதிதாகப் போட்டார்கள். அன்றைக்கு நாங்களும் உன்னை மாதிரியே ரசமட்டம் வைத்து, எட்டுக் காலுக்கும் ஒரே தகடு வைத்து நிறுத்தினோம். ஊளையிட்டாள். பத்து வருஷம் சாய்ந்து நின்று சாய்ந்து நின்று அவள் உடம்பே அப்படி ஆகிவிட்டது. நேராக நிறுத்தினால் அதுதான் அவளுக்குக் கோணல். பழைய நான்கு தகட்டையும் திரும்ப வைத்தோம், வாயை மூடிக்கொண்டாள். இதை எந்தப் படத்திலும் எழுதவில்லை. எங்கள் மெஷின் கோணல் என்று நாங்களே எழுதி வைப்போமா? ஃபோர்மேனுக்கும் மீசைக்காரருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். ஃபோர்மேன் போய்ச் சேர்ந்துவிட்டார்.

கழற்றுகிற அன்று அந்த நான்கையும் என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பையே கிழிந்துவிட்டது. 'எதுவும் குறையவில்லை' என்று உனக்கு எழுதினேனே, அப்போது அவை சமையலறை அலமாரியில் இருந்தன.

நாசம் செய்ய வேண்டும் என்று திட்டம் போட்டுச் செய்யவில்லை. என்னிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகிறார்களே, இது ஒன்றாவது இருக்கட்டும் என்று தோன்றியது. உன் செப்டம்பர் கடிதம் வந்தபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நாங்கள் இல்லாமல் ஓட மாட்டாள் என்று ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும் போல இருந்தது. நவம்பர் கடிதத்தைப் பிரித்து, முதல் வரியைப் படித்துவிட்டு மூடி வைத்துவிட்டேன்.

போன சனிக்கிழமை மீசைக்காரரைச் சந்தையில் பார்த்தேன். ஏப்ரலுக்குப் பிறகு அவர் என்னோடு சரியாகப் பேசியதில்லை. அன்றைக்கு அவராக வந்தார். "மாமியார் அங்க ஓடறாளா?" என்று கேட்டார். நான் ஏதோ முனகினேன். "அந்த நாலு தகட்டையும் பெட்டியில போட்டியா? எனக்கு அதே கவலை. அங்கயாவது அவ நல்லா இருக்கணும்" என்றார்.

"போட்டேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். வேலை போன மனுஷன் அவர். காவல்காரர் சட்டையைப் போட்டுக்கொண்டு, கையில் காய்கறிப் பையோடு நின்று, எங்களிடமிருந்து போன மெஷின் நன்றாக இருக்க வேண்டும் என்று கவலைப்படுகிறார். நான் ஐந்து மாசமாக அலமாரியைத் திறந்து தகட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

எந்தக் காலுக்கு எந்தத் தகடு என்று சாக்பீஸால் எழுதியிருக்கிறேன். அழிந்துவிட்டால், இங்கே மேற்கு மூலையில் நின்ற காலிலிருந்து கனம் குறைந்துகொண்டே வர வேண்டும்.

அண்ணன்

*

டிசம்பர் 20

அன்புள்ள அண்ணா,

பார்சல் பதினொன்றாம் தேதி வந்தது. தகடுகளை நானே சொருகினேன். மறுநாள் சக்கரம் வெட்டினோம். ஓட விட்டதும் சத்தம் கேட்கிறதா என்று எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். சத்தமே இல்லை. சக்கரம் சுற்றுகிறதா என்று சந்தேகப்பட்டு ஒரு பையன் குனிந்து பார்த்தான்.

இனி நான் சொல்லப் போவதைச் சொல்லாமலே விட்டுவிடலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். அப்படிச் சொல்லாமல் விட்டதால்தான் இவ்வளவும் வந்தது. அதனால் சொல்கிறேன்.

ஜூன் மாசம் பெரியவரிடம் ஒரு திட்டம் கொடுத்தேன். உங்கள் பக்கத்து நாடுகளில் இன்னும் எத்தனையோ ஆலைகளை வாங்கப் போகிறோம். அங்கங்கே பெரிய மெஷின்களைக் கழற்ற, பழுது பார்க்க, பராமரிக்க ஆள் வேண்டும். உன் பழைய ஷெட்டை விற்காமல் வைத்துக்கொண்டு, பன்னிரண்டு பேரோடு ஒரு பிரிவு அங்கேயே நடத்தலாம் என்று எழுதினேன். அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. "உங்க அண்ணன் ஆளுங்க கழட்டின மெஷின் நவம்பர் கடைசிக்குள்ள இங்க நல்லா ஓடட்டும். வேலை தெரிஞ்சவங்கதான்னு ஒத்துக்கறேன், பிரிவைக் கொடுக்கறேன்" என்றார்.

பன்னிரண்டு பேரின் பட்டியல் வேண்டும் என்றார்கள். நீ எழுதிய கடிதங்களை வைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். முதலில் உன் பெயர். அடுத்தது எழுதப் போனால், எனக்கு யாருடைய பெயரும் தெரியவில்லை. இருபது வருஷமாக நீ எழுதியதெல்லாம் மீசைக்காரர், கிரேன்காரம்மா, எண்ணெய்க்காரர் என்றுதான். அப்படியே எழுதி வைத்தேன், உன்னிடம் பிறகு கேட்டு நிரப்பிக்கொள்ளலாம் என்று. அந்தத் தாள் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

நவம்பர் முப்பதாம் தேதி பெரியவர் ஷெட்டுக்கு வந்து ஊளையைக் கேட்டார். "ஒழுங்கா கழட்டத் தெரியாதவங்களுக்கு எதுக்கும்மா ஒரு பிரிவு?" என்றார். அன்றைக்கே ஷெட்டை விற்கக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அங்கே கடைகள் வரப் போகின்றனவாம். தகடு வந்த பிறகு மறுபடி போய்க் கேட்டேன். மெஷின் ஓடுகிறது என்று சந்தோஷப்பட்டார். விற்றது விற்றதுதான் என்றார்.

உன்னிடம் ஜூனிலேயே சொல்லியிருக்க வேண்டும். நடக்காமல் போனால் பன்னிரண்டு பேருக்கும் ஆசை காட்டி மோசம் செய்த மாதிரி ஆகுமே என்று பயந்தேன். மார்ச்சில் ஒரு தடவை நம்பிக்கையோடிருந்த உன் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து, ஏப்ரலில் உன் கடிதத்தை வாங்கினவள் நான். நடந்த பிறகு சொல்லி உன்னிடம் நல்ல பெயர் வாங்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. 'உன் ஆட்களுக்காகத்தான்' என்று இரண்டு வார்த்தை செப்டம்பரில் சேர்த்து எழுதியிருந்தால் அடுத்த விமானத்தில் தகடு வந்திருக்கும். நீ அப்படிப்பட்டவன்தான், எனக்குத் தெரியும்.

உன் மேல் கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இருக்கிறது. என் மேல் இருக்கிற அளவுக்கு இல்லை.

இன்னொன்று. போன வாரம் வேறொரு நாட்டிலிருந்து மூன்று பேர் ஷெட்டைச் சுற்றிப் பார்க்க வந்தார்கள். எங்களை விடக் குறைந்த விலைக்குச் சக்கரம் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். பெரியவர் அவர்களோடு ஏதோ கூட்டு வைக்கப் போகிறாராம். ஒரு பெண் மாமியாரின் மேல் கை வைத்துப் பார்த்தாள். நிதானமாக, ஒவ்வொரு காலாகக் குனிந்து பார்த்தாள். மார்ச்சில் நான் பார்த்த மாதிரியே. என் பையன்கள் அவளுக்குச் சிரித்துச் சிரித்து விளக்கம் சொன்னார்கள்.

எறும்பு

*

ஜனவரி 14

அன்புள்ள எறும்புக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முதல் நான்கு நாள் யாரிடமும் பேசவில்லை. உன் அண்ணி டாக்டரிடம் போகலாமா என்று கேட்டாள். ஐந்தாம் நாள் அவளிடம் படித்துக் காட்டினேன். அவள் எழுந்து போய் அலமாரியில் தகடு இருந்த இடத்தைத் துணியால் துடைத்தாள். எண்ணெய்க் கறை அங்கே அப்படியே இருந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை.

பிறகு எங்கள் ஷெட் ஆட்கள் எல்லாரையும் கூப்பிட்டேன். ஆலை வாசலுக்கு எதிரே இருக்கிற டீக்கடைக்கு ஒன்பது பேர் வந்தார்கள். மீதிப் பேர் வேலை தேடி வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். தகட்டைப் பற்றிச் சொன்னேன். உன் திட்டத்தைப் பற்றிச் சொன்னேன். பட்டியலில் முதல் பெயர் என் பெயர் என்பதையும் சொன்னேன். ஒளிக்கவில்லை.

யாராவது சட்டையைப் பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எண்ணெய்க்காரர் எழுந்து எல்லாருடைய டீக்கும் காசு கொடுத்துவிட்டுப் போனார், என்னுடையதைத் தவிர. கிரேன்காரம்மா, "உன் தங்கச்சி கிட்ட ஒரு வார்த்தை ஏன் கேக்கலை?" என்றாள். அவள் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதன் பிறகு பேருந்தில் இரண்டு தடவை பார்த்தேன், என்னைப் பார்த்ததும் முன்பக்கம் போய் நின்றுகொள்கிறாள். இது இப்படியேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். சரியாக வேண்டும் என்று கேட்கிற தகுதியும் எனக்கு இல்லை.

மீசைக்காரர் மட்டும் கடைசி வரை உட்கார்ந்திருந்தார். "சத்தமே இல்லையாமா?" என்று கேட்டார். "சுத்தமா இல்லையாம். ஓடுதான்னு ஒரு பையன் குனிஞ்சு பாத்தானாம்" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். சந்தையில் அவரிடம் பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் அதற்கும் தலையைத்தான் ஆட்டினார்.

உன் பட்டியலுக்கான பெயர்களைத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். பன்னிரண்டும், அவரவர் வீட்டில் கூப்பிடுகிற பெயரோடு. இனி அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனாலும் நிரப்பி வை.

உன் ஷெட்டுக்கு வந்த அந்தப் பெண் மறுபடி வருவாள். நீ எனக்கு எழுதிய விதத்திலேயே தெரிகிறது, உனக்கும் அது தெரியும். அவள் வருகிற சேதி கேட்ட அன்றைக்கே உன் பையன்களை உட்கார வைத்துச் சொல்லிவிடு. நிச்சயமாகத் தெரியட்டும் என்று காத்திருக்காதே. மாமியாரைக் கழற்றுகிற நாள் வந்தால், அந்த நான்கு தகடுகளிலும் பெயின்ட்டால் எண் போடு, சாக்பீஸ் வேண்டாம், அழிந்துவிடும். எந்தக் காலுக்கு எது என்று ஒரு தாளில் எழுதி அவள் கையிலேயே கொடு. அன்றைக்கு உனக்கு அவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்காது. ஆனாலும் கொடுத்துவிடு. சட்டைப் பையில் போட்டுக்கொள்ளாதே.

ஞாயிற்றுக்கிழமை போன் செய். நான்தான் எடுப்பேன்.

அண்ணன்